ரிக்கோ: சூப் எப்படிப் பணக்காரி ஆச்சு?



ஸ்பானிஷ் கத்துக்க ஆரம்பிச்சவங்க நம்ம காலேஜ்லயே நிறைய பேர் இருக்கீங்க. சில பேர் மொபைல்ல அந்தப் பச்சை ஆந்தைக்குப் பயந்து தினமும் அஞ்சு நிமிஷம் படிக்கிறீங்க. சில பேர் ரெஸ்யூமேல ஒரு வெளிநாட்டு மொழி இருந்தா நல்லதுன்னு சேர்ந்திருக்கீங்க. இன்னும் சில பேர் ஒரே ராத்திரியில ஒரு சீரிஸ் முழுசும் பார்த்துட்டு மறுநாள் காலையில முடிவெடுத்தவங்க. எந்த வழியா வந்திருந்தாலும் முதல் மாசத்துக்குள்ள ஒரு பெயரடையைச் சந்திச்சிருப்பீங்க. அதுதான் 'ரிக்கோ'.

நோட்டுல 'ரிக்கோ = பணக்கார' அப்படின்னு எழுதி, கீழ ஒரு கோடும் போட்டிருப்பீங்க. அடுத்த வாரம் ஒரு பாடத்துல யாரோ சூப்பைக் குடிச்சிட்டு 'லா சோப்பா எஸ்தா ரிக்கா' அப்படிம்பாங்க. சூப் பணக்காரியா? அதுக்கு அடுத்த பாடத்துல பருப்பும் ரிக்கோ, குழந்தையும் ரிக்கோ. கடைசியில ஒரு நாட்டுக்கே அந்தப் பேரு. அப்போ நோட்டுல எழுதினது தப்பான்னு கேட்டா, தப்பில்லை. ஆறுல ஒரு பங்குதான் எழுதியிருக்கீங்க. மீதியை இன்னிக்குப் பார்த்துடலாம்.

இந்த ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு நேரம்? ஸ்பானிஷ் இருபது நாடுகள்ல ஆட்சிமொழி. அதுல எந்த நாட்டுக்குப் போனாலும் யாராவது ஒருத்தர் உங்களுக்கு ஒரு தட்டுல சாப்பாடு வச்சு உங்க முகத்தையே பார்த்துக்கிட்டு நிப்பாங்க. அந்த நேரத்துல சொல்ல வேண்டிய வார்த்தை இதுதான். சின்ன மாற்றத்துல சொன்னா அர்த்தம் எங்கேயோ போயிடும். அதனால நிதானமாப் படிங்க.

முதல்ல உச்சரிப்பு

ஸ்பானிஷ்ல ரெண்டு வகை 'ர' இருக்கு. ஒண்ணு லேசா நாக்கு தட்டுறது, இன்னொண்ணு நாக்கு அதிர்றது. 'பெரோ'ன்னு லேசாச் சொன்னா 'ஆனால்'. 'பெறோ'ன்னு அதிர வச்சா 'நாய்'. நமக்கு இது புதுசே இல்லை. கரை, கறை, அரை, அறைன்னு எழுத்துலயாவது வித்தியாசம் காட்டுற மொழி நம்மளோடது. பேச்சுலதான் பல பேர் விட்டுட்டோம்.

சொல்லோட முதல் எழுத்தா வந்தா ஸ்பானிஷ்ல எப்பவும் அதிர்ற வகைதான். தமிழ்ல ற-கரம் சொல்லுக்கு முதல்ல வராதுங்கிறதால நான் 'ரிக்கோ'ன்னு எழுதுறேன். நீங்க வாயில 'றிக்கோ'ன்னு சொல்லுங்க. நடுவுல 'க்' ரெட்டிச்சு எழுதியிருக்கேனே, அது 'ரிகோ'ன்னு எழுதினா 'ரிgo' மாதிரி மெலிஞ்ச ஒலி வந்துடக் கூடாதுன்னுதான். உண்மையில அங்க ஒரே ஒரு வல்லின ஒலிதான், அழுத்தம் முதல் அசையில.

நாலு உருவம்

தமிழ்ல பெயரடை மாறாது. நல்ல பையன், நல்ல பொண்ணு, நல்ல பசங்க. எங்க போனாலும் 'நல்ல' அப்படியே இருக்கும். ஸ்பானிஷ்ல பெயர்ச்சொல்லோட பாலையும் எண்ணையும் பார்த்துப் பெயரடையும் உடை மாத்திக்கும். ஆண்பால் ஒருமைக்கு ரிக்கோ, பெண்பால் ஒருமைக்கு ரிக்கா. பன்மையில ரிக்கோஸ், ரிக்காஸ். சூப் அவங்க இலக்கணத்துல பெண்பால். அதனாலதான் 'சோப்பா ரிக்கா'.

ஓவர்லோடிங் ஞாபகம் இருக்கா?

ரெண்டாம் வருஷத்துல சி பிளஸ் பிளஸ் படிச்சப்போ ஃபங்ஷன் ஓவர்லோடிங் வந்ததே, அதை நினைச்சுக்கோங்க. ஒரே பேர்ல பல ஃபங்ஷன். எதைக் கூப்பிடணும்னு கம்பைலர் எப்படி முடிவு பண்ணும்? உள்ள அனுப்புற ஆர்க்யுமென்ட் என்ன வகைன்னு பார்த்து. ரிக்கோவும் அப்படித்தான். பக்கத்துல எந்த வகைப் பெயர்ச்சொல் வருதுன்னு பாருங்க, அர்த்தம் தானா வந்து நிக்கும்.

ஒண்ணு, பக்கத்துல வளர்ந்த மனுஷன் வந்தா, பணக்காரர். 'ஹுவான் எஸ் ரிக்கோ' - ஹுவான் பணக்காரர். இதையே பெயர்ச்சொல்லாவும் வச்சுக்கலாம்: 'லோஸ் ரிக்கோஸ்' அப்படின்னா பணக்காரங்க. திடீர்னு காசு வந்து அதைக் காட்டிக்கிறவரை 'நுவேவோ ரிக்கோ'ம்பாங்க, அதாவது புதுப் பணக்காரர். அர்த்தராத்திரியில குடை பிடிக்கிற நம்ம ஆளுதான் அவர்.

ரெண்டு, பக்கத்துல சாப்பாடு வந்தா, ருசி. 'எல் போயோ எஸ்தா ரிக்கோ' - கோழி ருசியா இருக்கு. ரொம்பப் பிரமாதம்னா 'ரிக்கீசிமோ'. சாப்பிட்டு முடிச்சதும் சமைச்சவங்ககிட்ட 'எஸ்தூவோ முய் ரிக்கோ' - ரொம்ப நல்லா இருந்துச்சு. இந்த மூணு சொல்லை மட்டும் இன்னிக்கே மனப்பாடம் பண்ணிடுங்க. 'தெலிசியோசோ', 'சாப்ரோசோ'ன்னு வேற சொல்லும் உண்டு. ஆனா வீட்டுச் சாப்பாட்டு மேசையில சட்டுன்னு வாயில வர்றது ரிக்கோதான்.

மூணு, பின்னாடி 'என்'ங்கிற சின்னச் சொல் வந்தா, அது நிறைஞ்சது. 'லாஸ் லென்தெஹாஸ் சோன் ரிக்காஸ் என் இயெர்ரோ' - பருப்புல இரும்புச்சத்து நிறைய இருக்கு. நார்ச்சத்து, கனிமம், எண்ணெய் வளம் எல்லாத்துக்கும் இதே அமைப்பு. நம்ம துறைக்கு ஒரு உறவுக்காரச் சொல்லும் உண்டு. 'என்ரிக்கெசெர்' அப்படின்னா வளப்படுத்துறது. செறிவூட்டின யுரேனியத்துக்கு ஸ்பானிஷ்ல இந்த வினையிலிருந்துதான் பேர் வருது: 'உரானியோ என்ரிக்கெசீதோ'.

நாலு, பக்கத்துல குழந்தை வந்தா, செல்லம். ஸ்பெயின்ல ஒரு கைக்குழந்தையைப் பார்த்து 'கே நீன்யா மாஸ் ரிக்கா'ன்னா, அந்தக் குழந்தையோட சொத்து மதிப்பைப் பத்தி யாரும் பேசலை. 'என்ன அழகுக் குட்டி!' அவ்வளவுதான். சாப்பிடுற ருசியைக் குழந்தைக்கு ஏத்துறது நமக்கும் பழக்கம்தான். வெல்லக்கட்டி, சக்கரக்கட்டின்னு கொஞ்சாத பாட்டி உண்டா?

அஞ்சு, பக்கத்துல ஒரு சுகமான அனுபவம் வந்தா, அந்தச் சுகம். இது லத்தீன் அமெரிக்காவுல ரொம்பப் பரவலா இருக்கு. வெயில்ல அலைஞ்சுட்டு வந்து குளிச்சா 'கே ரிக்கோ!' மத்தியானம் படுத்து எழுந்தா 'கே ரிக்கோ!' சமையலறையிலிருந்து வாசனை வந்தா 'வேலே ரிக்கோ', அதாவது வாசனை நல்லா இருக்கு. கொலம்பியாவுல உங்களைப் பார்த்ததுல சந்தோஷம்னு சொல்லவே 'கே ரிக்கோ வெர்தே'ம்பாங்க. ஸ்பெயின்ல இந்த அளவுக்குப் போகமாட்டாங்க; வாசனைக்கு அங்க பெரும்பாலும் வேற சொல். இன்னொரு விஷயம், 'வேலே ரிக்கோ'ல சூப்போட வாசனையா இருந்தாலும் ரிக்கா ஆகாது. இங்க அது வினையைத் தழுவி நிக்குது, அதனால உடை மாத்தாது.

ஆறு, யாரையாவது கூப்பிடுற சொல்லா வந்தா, குரலைக் கவனிங்க. ஸ்பெயின்ல 'ஓயே, ரிக்கோ'ன்னு ஒருத்தர் ஆரம்பிச்சா செல்லமாவும் இருக்கலாம், எரிச்சலாவும் இருக்கலாம். பஸ் படிக்கட்டுல தொங்குறவரைப் பார்த்து நடத்துநர் 'ராசா, கொஞ்சம் உள்ள போய்யா'ங்கிறாரே, அந்த 'ராசா'தான் இது. இந்த ஒப்புமையை ஓரமா வச்சுக்கோங்க. கொஞ்சம் கழிச்சு வேற காரணத்துக்காக இதுக்குத் திரும்பி வருவோம்.

செர், எஸ்தார்: எங்க வழுக்கும்?

ஸ்பானிஷ்ல 'இரு'ங்கிறதுக்கு ரெண்டு வினை. ஒண்ணோட தன்மை, அடையாளம் சொல்ல 'செர்'. இப்போதைய நிலை, இப்போ நான் உணர்றது சொல்ல 'எஸ்தார்'. 'எஸ்' முதல் வினையோட உருவம், 'எஸ்தா' ரெண்டாவதோட உருவம்.

இங்கிலீஷ் வழியா யோசிச்சா இது சிரமம், ஏன்னா அங்க ஒரே வினைதான். நாமோ பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ்ல படிச்சு, இங்கிலீஷ் வழியாவே ஸ்பானிஷுக்குப் போறோம். ரிக்கோவுக்கு மட்டும் ஒரு தடவை தமிழ் வழியாப் போய்ப் பாருங்க:

மாமா பணக்காரர்.
சூப் ருசியா இருக்கு.

முதல் வாக்கியத்துல வினையே இல்லை. ரெண்டாவதுல 'ஆ இருக்கு' வந்துடுச்சு. வினையில்லாத இடத்துல ஸ்பானிஷ் 'எஸ்' போடுது, 'ஆ இருக்கு' வர்ற இடத்துல 'எஸ்தா' போடுது. மாமா எஸ் ரிக்கோ. சூப் எஸ்தா ரிக்கா. அழகாப் பொருந்துது இல்ல?

ஆனா இதை எல்லாப் பெயரடைக்கும் விதியா எடுத்துக்காதீங்க. 'அவர் உயரமா இருக்கார்'னு நாம சொல்றோம். ஸ்பானிஷ்ல அதுக்கு 'எஸ்'தான், ஏன்னா உயரம் நாளைக்கு மாறாது. சாப்பாட்டுக்குமே பொதுவான கருத்தாச் சொன்னா 'எஸ்' வரலாம். 'லா பாயேயா எஸ் ரிக்கா' அப்படின்னா பாயேயாங்கிற உணவே ருசியானதுன்னு உங்க அபிப்பிராயம். தட்டுல இருக்கிற இந்தப் பாயேயாவை வாயில வச்சுட்டுச் சொன்னா 'எஸ்தா'.

முக்கியமான எச்சரிக்கை: ஒரு வளர்ந்த ஆளைப் பத்தி 'எஸ்தா ரிக்கோ'ன்னோ 'எஸ்தா ரிக்கா'ன்னோ சொல்லாதீங்க. அது உடம்பை வர்ணிக்கிற, மரியாதையில்லாத பேச்சாப் போயிடும். ஆன்லைன் மீட்டிங்ல கிளையன்ட்டோட மேலாளர் வசதியானவங்கன்னு சொல்ல வந்து, அவங்களை ஒரு தட்டுச் சாப்பாடாக்கிடுவீங்க. வித்தியாசம் ஒரே ஒரு அசைதான்.

இங்கிலீஷ் 'ரிச்' வைக்கிற பொறி

நம்ம மாதிரி இங்கிலீஷ் மீடியம் ஆளுங்களுக்குன்னே ஒரு பொறி இருக்கு. கேக்கைப் பார்த்து 'ரிச்சா இருக்கு'ன்னா வெண்ணெயும் க்ரீமும் அதிகம், திகட்டும்னு அர்த்தம். ரிக்கோவுக்கு அந்த அர்த்தம் கிடையாது. தெளிவான, எண்ணெயே மிதக்காத ஒரு சூப் கூட ரிக்கோவா இருக்கலாம். மூணு அடுக்கு க்ரீம் போட்ட கேக், நல்லா வரலைன்னா, ரிக்கோ இல்லை.

அதே மாதிரி கல்யாண மண்டபத்தையோ பட்டுப்புடவையையோ பார்த்து நாம 'செம ரிச்சா இருக்கு'ன்னு சொல்றோம். இன்னிக்குப் பேச்சு ஸ்பானிஷ்ல அந்த இடத்துக்கு 'எலெகாந்தே', 'லுஹோசோ' மாதிரி சொற்கள்தான் வரும். ரிக்கோவை அங்க கொண்டுபோகாதீங்க.

ரிக்கோவும் ராஜாவும் சொந்தக்காரங்க

இத்தனை அர்த்தமும் ஒரே சொல்லுக்குள்ள எப்படி வந்துச்சு? வேரைத் தோண்டினா விளங்கும். ஸ்பெயின் நிலத்தை அஞ்சாம் நூற்றாண்டிலிருந்து 711-ல் அரபுப் படை வர்ற வரைக்கும் ஆண்டவங்க விசிகோத்துகள்ங்கிற ஜெர்மானிய இனத்தார். அவங்க பேசின கோத்திய மொழியில 'ரெய்க்ஸ்' அப்படின்னா ஆள்றவன், அதிகாரம் உள்ளவன். ரிக்கோவுக்கு ஸ்பானிய அரச அகாதெமியோட அகராதி காட்டுற மூலமும் அதுதான். இங்கிலீஷ் 'ரிச்' இந்தக் குடும்பத்தோட இன்னொரு கிளை. லத்தீன்ல அரசனைக் குறிக்கிற 'ரெக்ஸ்', சமஸ்கிருத 'ராஜன்' ரெண்டும் அதே பழைய வேரைச் சேர்ந்தவை. அந்த ராஜன்தான் தமிழுக்கு வந்து ராஜா ஆகி, பேச்சுல ராசா ஆச்சு.

'ஓயே, ரிக்கோ'வும் 'ராசா, உள்ள போய்யா'வும் குரல்ல மட்டும் ஒத்துப்போகலை. வேர்லயும் ஒண்ணு. கவிஞர் ஃபெதெரிக்கோ கார்சியா லோர்காவோட பேர்ல இருக்கிற 'ரிக்கோ'வும் இதே ஆள்றவன்தான். ஜெர்மானிய மொழியில அந்தப் பேருக்கு 'அமைதியா ஆள்றவன்' மாதிரி ஒரு பொருள். இடைக்காலக் காஸ்தீலியாவுல 'ரிக்கோ ஓம்ப்ரே'ன்னா உயர்ந்த பிரபு.

இப்போ வரிசையாப் பாருங்க. அதிகாரம் இருக்கிறவன்கிட்ட பணம் இருக்கும். பணம் இருக்கிற இடத்துல எல்லாம் நிறைவா இருக்கும். நிறைவா இருக்கிறது நல்லா இருக்கும். நல்லா இருக்கிற சாப்பாடு ருசியா இருக்கும். ருசியா இருக்கிறதுக்கு வைக்கிற பேரைக் குழந்தைக்கும் வச்சுக் கொஞ்சத் தோணும். ஆறு அர்த்தத்தையும் தனித்தனியா மனப்பாடம் பண்றதை விட இந்த ஒரு சங்கிலியைப் பிடிச்சுக்கிறது சுலபம்.

வரைபடத்துல ரிக்கோ

ஸ்பானியர்கள் கடல் தாண்டிப் போனப்போ இந்தச் சொல்லையும் கூடவே எடுத்துட்டுப் போய் ஊர் ஊரா ஒட்டினாங்க. 1519-ல் கோர்தேஸ் மெக்சிகோ கரையில நிறுவின ஊருக்கு 'வியா ரிக்கா தே லா வேரா குரூஸ்'னு பேர் வச்சார். கொலம்பஸ் 1493-ல் 'சான் ஹுவான்'னு பேர் வச்ச தீவுல, துறைமுக நகரத்துக்குப் 'புவேர்தோ ரிக்கோ', அதாவது வளமான துறைமுகம்னு பேர். காலப்போக்குல ரெண்டு பேரும் இடம் மாறிடுச்சு. இன்னிக்குத் தீவு புவேர்தோ ரிக்கோ, தலைநகரம் சான் ஹுவான். ஸ்வாப் பண்றதுக்கு இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

கோஸ்தா ரிக்கான்னா வளமான கரை. அந்தக் கரைக்குக் கொலம்பஸ் 1502-ல் போனார். தங்கம் கொட்டிக் கிடக்கும்னு ஸ்பானியர்கள் நம்பினாங்க. நினைச்ச அளவு கிடைக்கலை. இன்னிக்கு அந்த நாட்டோட வளம்னு உலகம் பேசுறது அதோட காடுகளையும் உயிரினங்களையும்தான். மின்சாரத்துல பெரும்பகுதியை நீர், புவிவெப்பம், காற்றுலயிருந்து எடுக்கிறாங்க. பேர் தப்பாப் போகலை. எதுல வளம்ங்கிறதுதான் மாறிடுச்சு.

நாலாவது இடம்தான் மனசுல நிக்கணும். பொலிவியாவுல பொத்தொசி நகரத்துக்கு மேல ஒரு மலை, பேர் 'செர்ரோ ரிக்கோ', வளமான மலை. 1545-ல் அங்க வெள்ளி கண்டுபிடிச்சாங்க. ஸ்பானிஷ்ல ஒரு பொருள் ரொம்ப விலைமதிப்பானதுன்னு சொல்ல 'வாலே உன் பொத்தொசி' - ஒரு பொத்தொசி பெறும் - அப்படின்னு மரபுத்தொடரே வந்துடுச்சு. அந்த வெள்ளியைத் தோண்டினவங்க யாரு? 1570-கள்ல வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தே தொலேதோ 'மீத்தா'ங்கிற கட்டாய வேலை முறையைக் கொண்டுவந்தார். மலைநாட்டுப் பூர்வகுடிக் கிராமங்கள் முறை வச்சு ஆம்பளைங்களை அனுப்பியே ஆகணும். தாதுவிலிருந்து வெள்ளியைப் பிரிக்கப் பாதரசம் கலந்தாங்க. அந்த நஞ்சு வேலை செஞ்சவங்க உடம்புல சேர்ந்துச்சு. பல பேர் ஊர் திரும்பலை.

1987-ல் பொத்தொசியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாச் சேர்த்தது. 2014-ல் ஆபத்துல இருக்கிற சின்னங்களோட பட்டியல்லயும் சேர்த்தது. நூற்றாண்டுக் கணக்காத் தோண்டினதுல மலை உள்ளுக்குள்ள சல்லடையாகி, உச்சி சரியத் தொடங்கிடுச்சு. இன்னிக்கும் உள்ள போய் வேலை செய்றவங்க இருக்காங்க.

இலக்கணமாப் பார்த்தா 'செர்ரோ ரிக்கோ'ல ரிக்கோ மலையைத்தான் தழுவுது. அந்த மலைக்குள்ள போனவங்களை ஒரு நாளும் தழுவலை. மைனிங், சிவில், மெட்டீரியல்ஸ்னு எந்தத் துறையில போனாலும் 'வளம் மிக்க பகுதி'ன்னு ஒரு அறிக்கையை நாம எல்லாரும் ஒரு நாள் படிப்போம், சில பேர் எழுதவும் செய்வோம். அப்போ அந்தப் பெயரடை எதைத் தழுவுது, யாரை விட்டுடுதுன்னு ஒரு நிமிஷம் பாருங்க.

சந்தேகம் வந்தா திருப்பிப் போடுங்க

ஒரு வாக்கியத்துல ரிக்கோவுக்கு எந்த அர்த்தம்னு குழம்பினா, எதிர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்க. ஆளுக்கு எதிர் 'போப்ரே', ஏழை. சூப்புக்கு எதிர் 'சோசா', சப்புன்னு இருக்கிறது. இரும்புச்சத்துக்கு எதிர் 'போப்ரே என்', அந்தச் சத்து குறைவானது. எது பொருந்துதோ அதுக்கு நேர்மாறுதான் உங்க அர்த்தம்.

போப்ரேவுக்கும் ஒரு வேடிக்கை உண்டு. பெயர்ச்சொல்லுக்குப் பின்னாடி வந்தா ஏழை, முன்னாடி வந்தா பாவப்பட்ட. அதனால ஒருத்தரே ஒரே நேரத்துல போப்ரேவாவும் ரிக்காவாவும் இருக்க முடியும். கீழ ஆறாவது வாக்கியத்துல பாருங்க.

பயிற்சி

பதிலைப் பார்க்காம அர்த்தம் சொல்லுங்க.

1. மி தீயோ எஸ் ரிக்கோ. (தீயோ: மாமா)
2. லாஸ் எம்பனாதாஸ் எஸ்தான் ரிக்காஸ்.
3. லா எஸ்பினாக்கா எஸ் ரிக்கா என் ஃபீப்ரா. (எஸ்பினாக்கா: பசலைக்கீரை, ஃபீப்ரா: நார்ச்சத்து)
4. கே பெபே மாஸ் ரிக்கோ!
5. எல் கஃபே வேலே ரிக்கோ.
6. போப்ரே நீன்யா ரிக்கா. (நீன்யா: சின்னப் பெண்)

பதில்கள்: 1. என் மாமா பணக்காரர். 2. எம்பனாதா ருசியா இருக்கு. பன்மைங்கிறதால எஸ்தான், ரிக்காஸ். 3. பசலைக்கீரையில நார்ச்சத்து நிறைய இருக்கு. கீரை உணவுதானே, ருசின்னு ஏன் வரலை? பின்னாடி 'என்' வந்துடுச்சு, அதுதான் காரணம். 4. என்ன அழகுக் குட்டி! 5. காபி வாசனை நல்லா இருக்கு. 6. பாவம், அந்தப் பணக்காரப் பொண்ணு.

ஆறும் சரின்னா உங்க நோட்டுல அந்தப் பழைய வரியைத் திறந்து, 'பணக்கார'வுக்குப் பக்கத்துல மீதி அஞ்சையும் எழுதிடுங்க. நாலுக்குக் கீழ வந்தா செர், எஸ்தார் பகுதியை மட்டும் இன்னொரு தடவை படிங்க. பெரும்பாலும் அங்கதான் வழுக்கியிருக்கும்.

இன்னிக்கு ராத்திரி மெஸ்ல தட்டை வாங்கினதும் 'எஸ்தா ரிக்கோ' சொல்ல முடியுதான்னு பாருங்க. முடியலைன்னா 'எஸ்தா சோசோ' சொல்லிப் பழகுங்க. அதுவும் ஸ்பானிஷ்தான்.

ஆஸ்தா லுவேகோ!